அறுப்புவரை பொறுத்தல்: களைகள் உவமையும் அதன் கிரேக்கச் சொற்களும்

(வானொலி மறையுரை. முதல் ஆண்டு, பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு. நற்செய்தி: மத்தேயு 13:24–43)



ஆடி பிறக்கும் நாள்கள் இவை. ஜவ்வாது மலையில் சாமை விதைத்த கொல்லைகளில் களையெடுப்பு நடக்கும் காலம். இந்த நேரத்தில்தான் திருச்சபை நமக்குக் களைகள் உவமையை வாசிக்கக் கொடுக்கிறது. ஒருவர் தம் வயலில் நல்ல விதை விதைத்தார். எல்லாரும் உறங்கும் நேரத்தில் பகைவன் வந்து கோதுமைக்கு நடுவே களையை விதைத்துப் போனான். பயிர் வளர்ந்து கதிர் விட்டபோது களையும் தெரிந்தது. பணியாளர்கள் பறித்துவிடலாமா என்று கேட்டார்கள். தலைவர் வேண்டாம் என்றார். அறுவடைவரை இரண்டும் சேர்ந்தே வளரட்டும் என்றார்.

உழவு தெரிந்த யாருக்கும் இதைக் கேட்டதும் ஒரு கேள்வி எழும். களையெடுக்க வேண்டாம் என்று சொல்லும் உழவர் எங்கே இருக்கிறார்? களையை விட்டால் பயிர் நலியும் என்பது நம் மலையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆண்டவர் இயேசு வளர்ந்த நாசரேத்து ஊரிலும் மக்கள் உழவு செய்து பிழைத்தார்கள். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அப்படியானால் தெரிந்தேதான் இப்படிச் சொல்கிறார். ஏன் சொன்னார் என்பதைப் புரிந்துகொள்ள, நற்செய்தி எழுதப்பட்டு நம் கைக்கு வந்த கிரேக்க மொழியின் சில சொற்களை இன்று பார்ப்போம். கிரேக்கம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய காரியம் இது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். மூன்று நான்கு சொற்கள்தான். அவற்றில் ஒன்றை நாம் தினமும் செபிக்கிறோம்.

எது களை?

தமிழில் ‘களை’ என்பது ஒரு செடியின் பெயர் இல்லை. பயிருக்கு நடுவே வேண்டாதது எதுவானாலும் அது களை. களைதல் என்றாலே நீக்குதல். எனவே ‘களையை விட்டுவிடு’ என்பது நம் காதில் முரணாக ஒலிக்கிறது. திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், கொடியவர்களை அரசன் தண்டிப்பதைப் பயிரில் களையெடுப்பதற்கு ஒப்பிடுகிறது. அந்த ஒப்புமை நம் மண்ணில் ஊறியது. தீயவனைக் களை என்று சொல்லிவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் சொல்லப்பட்டுவிட்டது.

மத்தேயு எழுதிய சொல் வேறு. அவர் எழுதியது ‘ஸிஸானியா’. புதிய ஏற்பாட்டில் இந்த ஒரு அதிகாரத்தைத் தவிர வேறெங்கும் இந்தச் சொல் வராது. பாலஸ்தீன மக்கள் தங்கள் வயலில் கண்ட ஒரு குறிப்பிட்ட புல்லின் பெயர் அது. அரபு மொழியில் இன்றும் அதை ‘சவான்’ என்கிறார்கள். கோதுமையைப் போலவே முளைக்கும். தாளும் இலையும் கோதுமை மாதிரியே இருக்கும். கதிர் வரும்வரை அனுபவம் உள்ள கைக்கும் தடுமாற்றம்தான். புனித எரோணிமுஸ் 386ஆம் ஆண்டு முதல் 420இல் இறக்கும்வரை பெத்லகேமில் வாழ்ந்தவர். மத்தேயு நற்செய்திக்கு அவர் எழுதிய விளக்கத்தில், கதிர் விடாத பருவத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம் என்று குறித்துவைத்தார்.

அந்தப் புல் நஞ்சும் உடையது. அதனுள் வாழும் ஒரு பூஞ்சையே அதற்குக் காரணம். அதன் மணிகள் மாவில் கலந்தால், தின்றவருக்குத் தலை சுற்றும், குடித்தவர் போலத் தள்ளாட்டம் வரும். அதன் இலத்தீன் தாவரப் பெயரிலேயே ‘குடிமயக்கம்’ என்ற பொருள் இருக்கிறது. பூஞ்சை பிடித்த வரகைத் தின்றால் மயக்கம் வரும் என்பதை அறிந்த நம் பெரியவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

பகைவன் இரவில் வந்து விதைப்பது கதைக்காகச் சொன்னதா என்று சிலர் கேட்பதுண்டு. உரோமைச் சட்டத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பேரரசர் யுஸ்தினியான் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், அடுத்தவர் பயிருக்குள் இதே புல்லின் விதையையோ காட்டு ஓட்ஸ் விதையையோ எறிந்து பயிரைக் கெடுப்பவர்மேல் வழக்குத் தொடுப்பது பற்றிப் பேசப்படுகிறது. சட்டம் எழுதும் அளவுக்கு அது தெரிந்த குற்றமாக இருந்தது. இயேசுவின் உவமையைக் கேட்டவர்கள், ‘ஆமாம், இப்படிச் செய்கிறவர்கள் உண்டு’ என்று தலையாட்டியிருப்பார்கள்.

ஆகவே உவமையில் இருப்பது யார் கண்ணுக்கும் உடனே தெரிகிற களை இல்லை. பயிரின் முகம் உடைய களை அது. நம் சாமைக் கொல்லையிலும் சாமை போலவே எழும் புல் உண்டு. கதிர் வாங்கும்வரை கை தயங்கும். விதை தூவிய கொல்லையில் வரிசையும் கிடையாது. அங்கே அவசரப்பட்ட கை எதைப் பிடுங்கும் என்று யாருக்குத் தெரியும்?

பொறுக்குவதும் பிடுங்குவதும்

பணியாளர்களின் கேள்வியையும் தலைவரின் பதிலையும் கிரேக்கத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவர்கள் ஒரே சொல்லில் பேசவில்லை என்பது தெரியும். பணியாளர்கள் கேட்பது ‘சுல்லெகோ’ என்ற வினைச்சொல்லில். பொறுக்கிச் சேர்ப்பது என்று அதற்குப் பொருள். கேட்பதற்குச் சுத்தமான வேலையாக இருக்கிறது. தலைவர் அதற்குச் சொல்லும் பதிலில் ‘ரிசா’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. ‘ரிசா’ என்றால் வேர். நீங்கள் பொறுக்கி எடுப்பதாக நினைப்பீர்கள், ஆனால் கோதுமையை வேரோடு பிடுங்கியிருப்பீர்கள் என்கிறார். இரண்டின் வேரும் மண்ணுக்குள் பின்னிக் கிடக்கின்றன. மேலே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. நம் பொது மொழிபெயர்ப்பும் ‘பறித்தல்’, ‘பிடுங்குதல்’ என்று இரண்டு சொல்லை வைத்து இந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிப்போம். களையைப் பற்றிக் கேட்டவர்கள் பணியாளர்கள். அறுவடையின்போது பிரித்தெடுக்கப் போகிறவர்கள் அறுவடையாளர்கள். கிரேக்கத்தில் இவை இரண்டு வேறு சொற்கள், இரண்டு வேறு ஆள்கள். பின்னர் வீட்டில் சீடர்களுக்கு விளக்கும்போது, அறுவடை செய்வோர் வானதூதர் என்று இயேசுவே சொல்கிறார். இறுதித் தீர்ப்பு உண்டு. அதை அவர் மழுப்பவில்லை. அந்த வேலையை நம் கையில் மட்டும் அவர் கொடுக்கவில்லை.

‘அஃபெதெ’ என்ற சொல்

இப்போது முக்கியமான சொல்லுக்கு வருவோம். ‘வளர விடுங்கள்’ என்று தலைவர் சொல்லும் இடத்தில் மத்தேயு எழுதியது ‘அஃபெதெ’. இதன் வேர்ச்சொல் ‘அஃபியேமி’. விடு, விட்டுவிடு, போகவிடு என்பது இதன் அடிப்படைப் பொருள். நற்செய்திகளில் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டபோது இதே சொல். சீமோனின் மாமியாரைக் காய்ச்சல் விட்டபோதும் இதே சொல். சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்பதிலும், கட்டவிழ்த்து இலாசரைப் போகவிடுங்கள் என்பதிலும் இதே சொல்.

கடனைத் தள்ளிவிடுவதற்கும் குற்றத்தை மன்னிப்பதற்கும் கிரேக்க நற்செய்தி பயன்படுத்துவதும் இந்தச் சொல்லையேதான். ஆண்டவர் கற்பித்த செபத்தில், எங்கள் குற்றங்களை மன்னியும் என்று நாம் கேட்கும் இடத்தில் இருப்பது ‘அஃபெஸ்’. சிலுவையில் தொங்கியபடி, தம்மை அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் இயேசு கேட்டதும் ‘அஃபெஸ்’.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். களைகள் உவமையில் இந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘விடுங்கள்’ என்பதுதான். ‘களையை மன்னியுங்கள்’ என்று மொழிபெயர்த்தால் அது தவறு. ஆனால் கிரேக்கத்தில் நற்செய்தியைக் கேட்ட முதல் கிறிஸ்தவர்கள், அன்றாடம் தங்கள் செபத்தில் சொன்ன அதே சொல்லை வயல் தலைவர் வாயிலும் கேட்டார்கள். நம்மை விடும் என்று தந்தையிடம் கேட்கிறோம். அடுத்தவனை விடு என்று தந்தை நம்மிடம் சொல்கிறார். கேள்வியும் பதிலும் ஒரே சொல்.

லூக்கா எழுதிய அத்திமர உவமையையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். மூன்றாண்டாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்லும் உரிமையாளரிடம், இந்த ஆண்டும் விட்டுவையுங்கள் என்று தோட்டக்காரர் கேட்பது இதே வினைச்சொல்லில். அவர் அதோடு நிறுத்தவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார். விடுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று நினைப்பவர்கள் அந்தத் தோட்டக்காரரைப் பார்க்க வேண்டும்.

சொல் நம்மிடம் வந்த வழி

இந்த ஒற்றுமை நம் காதுக்கு ஏன் எட்டவில்லை? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எரோணிமுஸ் பெயரால் வழங்கும் வுல்காத்தா என்னும் இலத்தீன் திருவிவிலியத்தில் ஸிஸானியா என்ற சொல் அப்படியே தங்கியது. ஆனால் ‘அஃபெதெ’ இரண்டாகப் பிரிந்தது. வயலில் ‘சினித்தே’ என்றும், ஆண்டவரின் செபத்தில் ‘திமித்தே’ என்றும் இலத்தீன் சொன்னது. மொழிபெயர்ப்பில் தவறில்லை. இரண்டுக்கும் இடையே இருந்த நூல் மட்டும் அறுந்துபோயிற்று. பல நூற்றாண்டுகள் மேலைத் திருச்சபை இந்த இலத்தீனிலேயே உவமையைக் கேட்டது.

தமிழில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து முதலில் மொழிபெயர்த்து அச்சிட்டவர் லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்க். தரங்கம்பாடியில் 1714இல் நற்செய்திகள் அச்சேறின. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் நிறைவுபெற்றது. கத்தோலிக்கரான நாம் 19ஆம் நூற்றாண்டிலும் வுல்காத்தாவை அடிப்படையாக வைத்த தமிழ் மொழிபெயர்ப்புகளையே பயன்படுத்தினோம். 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மறைநூலை அதன் மூலமொழிகளில் ஆராய வேண்டும் என்று ஊக்கம் தந்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், மூலமொழிகளிலிருந்து மொழிபெயர்ப்புகள் செய்யப்பட வேண்டும் என்றும், பிரிந்த சகோதரரோடு இணைந்தும் அதைச் செய்யலாம் என்றும் சொன்னது. அதன் கனியாக 1995இல் பொது மொழிபெயர்ப்பு நம் கைக்கு வந்தது.

இன்றைய தமிழிலும் வயலில் ‘விடுங்கள்’ என்றும் செபத்தில் ‘மன்னியும்’ என்றும் இரண்டு சொற்கள்தான். ஆனால் நம் பேச்சுத் தமிழ் அந்த நூலை அறுக்கவில்லை. சண்டை போட்ட இரண்டு பேரைப் பார்த்து, ‘சரி, விடுப்பா’ என்று பாட்டி சொல்கிறாரே, அங்கே விடு என்றால் மன்னித்துவிடு என்றுதானே பொருள்? நம் பெரியவர்கள் செபமாலையில் சொல்லிவந்த பழைய பரலோக மந்திரத்தில் ‘பொறுத்தருளும்’ என்ற சொல் இருக்கிறது. பொறு என்றால் மன்னி. பொறு என்றால் காத்திரு. வயல் தலைவர் சொன்னதும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான்: அறுப்புவரை பொறு. கிரேக்கம் அறியாத நம் பாட்டிமார் வாயில் இந்த உவமையின் உள்ளம் தினமும் செபிக்கப்பட்டுவந்திருக்கிறது.

திருச்சபை இதைக் கற்ற விதம்

இந்த உவமையைத் திருச்சபை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டாம். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித யோவான் கிறிசோஸ்தோம் இந்த உவமைக்கு மறையுரை ஆற்றியபோது, தவறான போதகர்களைக் கொல்வது தகாது என்று சொன்னார். வட ஆப்பிரிக்காவில், பாவிகள் கலந்த திருச்சபை உண்மைத் திருச்சபை ஆகாது என்று தொனாத்தியர் பிரிந்து நின்றனர். வயலில் இரண்டும் கலந்தே இருக்கும் என்று புனித அகுஸ்தினார் பதில் சொன்னார். 411இல் கார்த்தேஜ் நகரில் இரு தரப்பும் கூடி வாதாடியபோது இந்த உவமையும் வாதத்துக்கு வந்தது. வயல் என்பது உலகம் என்றுதானே ஆண்டவர் சொன்னார், திருச்சபை என்று சொல்லவில்லையே என்று தொனாத்தியர் கேட்டனர். நல்ல கேள்விதான். அதே அகுஸ்தினார் பிற்காலத்தில், அவர்களை மீட்க அரசின் வற்புறுத்தலையும் ஏற்றுக்கொண்டார். உவமையைத் தெளிவாகப் படித்தவருக்கும் பொறுத்திருப்பது கடினமாக இருந்தது.

11ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகர ஆயர் வாசோவிடம், தப்பறைக்காரர்களை அரசிடம் ஒப்படைக்கலாமா என்று வேறொரு ஆயர் கேட்டு எழுதினார். வாசோ களைகள் உவமையைக் காட்டி வேண்டாம் என்றார். இன்று நம் எதிரியாக நிற்பவரை நாளை விண்ணகத்தில் நமக்கும் மேலே வைக்கக் கடவுளால் முடியும் என்று அவர் பதில் எழுதினார். புல் கோதுமையாக மாறாது; மனிதர் மாறுவார். உவமை சொல்லாமல் விட்ட இந்த இடத்தை வாசோ பிடித்துக்கொண்டார். ஆனால் பின்வந்த நூற்றாண்டுகள் அவர் வழியில் போகவில்லை. கோதுமைக்கு ஆபத்து இல்லாதபோது களையைப் பிடுங்கலாம் என்ற விளக்கத்தைப் புனித தாமஸ் அக்குவினாஸ் போன்ற பெரியவர்களும் ஏற்றனர். விசாரணை மன்றங்களும் தீக்கட்டைகளும் வந்தன.

1965இல் சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் இந்த உவமையை எடுத்து, அறுவடைவரை இரண்டையும் வளரவிடச் சொன்ன கிறிஸ்துவைச் சுட்டிக்காட்டியது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று புனித இரண்டாம் யோவான் பவுல், உண்மையைக் காப்பதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் வன்முறையைக் கையாண்டதற்காகவும் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். வயலில் கேட்ட ‘விடுங்கள்’ என்ற சொல்லுக்குத் திருச்சபை செபத்தில் ‘எங்களை மன்னியும்’ என்று பதில் சொன்ன நாள் அது.

நம் மலையில்

இதெல்லாம் தூரத்து வரலாறு என்று யாராவது நினைத்தால், நம் மலைக்கே வருவோம். 2015 ஏப்ரல் 7ஆம் நாளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டவந்தவர்கள் என்று சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தங்களைத் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. செம்மரத்தை விற்றுக் கோடிகள் பார்ப்பவர் யாரும் அந்தக் காட்டில் கோடரி தூக்கி நிற்கவில்லை. சாமையும் புளியும் தேனும் வயிற்றுக்குப் போதாத மாதங்களில் கூலியை நம்பி, தரகர் காட்டிய வழியில் போனவர்களே அங்கே இருந்தார்கள்.

மரம் வெட்டியது சரி என்று நாம் சொல்லவில்லை. காடு இறைவன் தந்த கொடை. அதைத் திருடுவது குற்றம். அந்தக் குற்றத்தை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. தீர்ப்புக்கு முன்பே ஒருவரைக் களை என்று சொல்லிப் பிடுங்கும்போது என்ன நடக்கிறது? வேர்கள் பின்னிக் கிடக்கின்றன என்றாரே வயல் தலைவர். ஒரு வேரை இழுத்தபோது எத்தனை வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பெயர்ந்தார்கள்!

பிடுங்குவதற்குத் துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை. சிறை சென்று திரும்பியவர் நம் ஊரில் இருக்கிறார். அவர் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிறோம். அவர் பிள்ளையை ஒரு பெயர் சொல்லி அழைக்கிறோம். கோயிலில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகிறது. ஊரைக் கேட்காமல் மணந்துகொண்ட பெண்ணை அன்பியக் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்புவதில்லை. குடியை விட முயன்று மீண்டும் விழுந்தவரைப் பார்த்து, இது தேறாது என்கிறோம். களையைப் பொறுக்குகிறோம் என்றே நாமும் நினைக்கிறோம்.

அப்படியானால் தீமையைக் கண்டும் காணாமல் இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கூடாது. பணியாளர்கள் களையைக் கண்டார்கள், வாய்விட்டுச் சொன்னார்கள். இது பகைவன் வேலை என்று தலைவரும் தீமையைத் தீமை என்றே சொன்னார். குற்றம் செய்த சகோதரரிடம் முதலில் தனியே பேசு, பிறகு இரண்டு மூன்று பேரோடு போ, பிறகு திருச்சபையிடம் சொல் என்று இதே மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் வழி காட்டுகிறது. ஒரு குழந்தைக்கோ பெண்ணுக்கோ தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே தடுக்க வேண்டும், சட்டத்திடம் சொல்ல வேண்டும். அங்கே ‘பொறுத்துக்கொள்’ என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது இந்த உவமையைத் திரிப்பதாகும். தீங்கை நிறுத்துவது நம் கடமை. ஒரு மனிதர் இனித் தேறவே மாட்டார் என்று முடிவு கட்டுவது நம் கடமையில் சேராது.

இன்றைய முதல் வாசகமான சாலமோனின் ஞானம், ஆற்றல் மிக்க கடவுள் கனிவோடு தீர்ப்பிடுகிறார் என்றும், மனம் மாற வாய்ப்புக் கொடுக்கிறார் என்றும் சொல்கிறது. அந்த வாய்ப்பின் பெயர்தான் அறுவடைவரை உள்ள காலம். நமக்கும் அதே காலம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. நம் இதயம் என்ற கொல்லையிலும் இரண்டும் முளைத்திருப்பதை நாம் அறிவோம். நம்மை யாரும் இன்னும் பிடுங்கவில்லை என்றால், வயலின் தலைவர் ‘அஃபெதெ’ என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வாரம் ஒரு வேலை செய்வோம். ஊரில் நாம் ஒதுக்கிவைத்த ஒரு வீட்டின் வாசலுக்குப் போவோம். அத்திமரத்தைச் சுற்றிக் கொத்தி எருப் போட்ட தோட்டக்காரரைப் போல, அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கோ, வழக்குக்கு அலையும் மனைவிக்கோ, வேலை தேடும் கணவருக்கோ நம்மால் முடிந்ததைச் செய்வோம். பிறகு வீட்டுக்கு வந்து ஆண்டவர் கற்பித்த செபத்தை நிதானமாகச் சொல்வோம்.

செபிப்போமாக. எங்கள் வாழ்வாகிய வயலின் தலைவரே, எங்களைப் பொறுத்துக் காத்திருப்பவரே, அடுத்தவரைப் பொறுத்துக் காத்திருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். காட்டிலும் சிறையிலும் தங்கள் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு ஆறுதல் தாரும். அறுவடை நாளில் எங்கள் அனைவரையும் உம் களஞ்சியத்தில் சேர்த்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.